ஆறாம் விலாவுக்கும் ஏழாம் விலாவுக்கும் நடுவே

ஜப்பானில் ஒரு மாட்டின் விலை, அதன் ஆறாம் விலா எலும்புக்கும் ஏழாம் விலா எலும்புக்கும் நடுவே விழும் ஒரு வெட்டில் தீர்மானமாகிறது. குளிரவைத்துத் தொங்கவிட்ட பாதி உடலை அந்த இடத்தில் அறுத்து விரிப்பார்கள். ஜப்பான் இறைச்சித் தரமதிப்பீட்டுச் சங்கத்தின் மதிப்பீட்டாளர் குனிந்து அந்த வெட்டு முகத்தைப் பார்ப்பார். முதுகுச் சதையின் சிவப்புக்குள் வெள்ளைக் கொழுப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்று 1 முதல் 12 வரையுள்ள மாதிரிகளோடு ஒப்பிடுவார். சதையின் நிறம், அதன் இறுக்கம், கொழுப்பின் நிறமும் பளபளப்பும் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்து 1 முதல் 5 வரை ஓர் எண் தருவார். இந்த நான்கில் எது குறைவோ அதுவே இறுதி எண். ஓர் உடலில் எவ்வளவு கறி தேறும் என்பதற்கு ஏ, பி, சி என்று ஓர் எழுத்து. எழுத்தும் எண்ணும் சேர்ந்ததுதான் உலகெங்கும் பெரிய உணவகங்களின் பட்டியலில் காணப்படும் 'ஏ5'.

இப்போதைய முறை 1988இல் வந்தது. சீரானது, நேர்மையாக நடப்பது, விவசாயிக்கும் வியாபாரிக்கும் பொதுவான ஒரு மொழியைத் தந்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த வெட்டு முகத்தில் தெரிவது கொழுப்பின் அளவும் சதையின் தோற்றமும் மட்டும். அந்தக் கொழுப்பு எந்த அமிலங்களால் ஆனது, உண்பவர் உடலுக்குள் அது என்ன செய்யும், அந்த மாடு மலையில் மேய்ந்ததா, கொட்டிலுக்குள்ளேயே நின்று தின்றதா, அதன் இனத்தில் இன்னும் எத்தனை மாடுகள் மிச்சமிருக்கின்றன என்பதெல்லாம் அதில் தெரியாது. தெரியாததற்கு விலை கிடையாது. விலை கிடைக்காததை எந்த விவசாயியும் நீண்ட நாள் வளர்க்க முடியாது. நாட்டு மாட்டிறைச்சியின் சத்து, தரம் என்ற பேச்சை நான் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க விரும்புகிறேன். 'வாக்யூ' எனப்படும் ஜப்பானின் நாட்டு மாடுகளிடம் உண்மையிலேயே உயர்ந்த கொழுப்பு இருக்கிறது. அந்த உயர்வை அளக்காமல், பருமனை மட்டும் அளந்ததால், அந்த மாடுகளின் குலமே ஒற்றைத் தடத்தில் ஒடுங்கிவிட்டது.

உயர்ந்த கொழுப்பு என்றால் என்ன? மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி கல்லாக உறைந்து கிடக்கும். வெயிலில் வைத்தால்தான் தலைக்குத் தேய்க்க முடியும். அதே அலமாரியில் நிற்கும் கடலையெண்ணெய் உறைவதில்லை. இரண்டுமே கொழுப்புதான். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பமிலங்கள் மிகுதி. அவை நேர்க்குச்சிகள் போன்றவை, விறகுக்கட்டு மாதிரி நெருக்கி அடுக்கிக்கொள்ளும், அதனால் சீக்கிரம் கெட்டியாகும். கடலையெண்ணெயில் மிகுதியாக இருப்பது ஓலியிக் அமிலம். அதன் நடுவே ஒரு வளைவு உண்டு. வளைந்த குச்சிகளைக் கட்டாகக் கட்ட முடியாது, இடைவெளி விழுந்துகொண்டே இருக்கும், ஆகவே அது நீர்மமாகவே நிற்கும். மாட்டுக் கொழுப்பில் பெரும்பங்கு மூன்று அமிலங்கள்: ஸ்டியரிக், பால்மிடிக், ஓலியிக். ஸ்டியரிக் உருக சுமார் 69 டிகிரி வெப்பம் வேண்டும். பால்மிடிக்குக்கு 63. ஓலியிக்குக்கு 13 டிகிரியே போதும். இந்த மூன்றும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் ஒரு மாட்டின் கொழுப்பு வாயில் மெழுகாக ஒட்டுவதும், நாக்கில் பட்டதும் கரைவதும்.

மாடு புல்லைத் தின்கிறது. புல்லில் இருக்கும் கொழுப்பு மிகக் கொஞ்சம், அதில் பெரும்பகுதி நிறைவுறாத வகை. ஆனால் மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அந்தக் கொழுப்போடு ஹைட்ரஜனைச் சேர்த்து அதில் பெரும்பகுதியை நிறைவுற்றதாக மாற்றிவிடும். அசைபோடும் விலங்குகளின் கொழுப்பு கெட்டியாக இருப்பதற்கு இதுவே காரணம். அதற்குப் பின் மாட்டின் சொந்த உடல் ஒரு திருத்தம் செய்கிறது. கொழுப்புத் திசுவில் இருக்கும் ஒரு நொதி ஸ்டியரிக் அமிலத்திலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைக் கழற்றி அதை ஓலியிக் அமிலமாக மாற்றும். இந்த நொதி எவ்வளவு வேலை செய்யும் என்பது பெருமளவு பரம்பரையைச் சார்ந்தது. அந்த நொதிக்கான மரபணுவில் ஓரிடத்தில் வேலினுக்குப் பதில் அலனின் என்ற அமினோ அமிலம் வரும் கருப்பு வாக்யூ மாடுகளில் நிறைவுறாக் கொழுப்பு கூடுகிறது, கொழுப்பு உருகும் வெப்பநிலை குறைகிறது என்று 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். பல இனங்களில் ஓலியிக் அமிலம் மொத்தக் கொழுப்பமிலங்களில் 40 சதவீதத்தை ஒட்டி நிற்கும்போது, நல்ல கருப்பு வாக்யூவில் அது 50 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

புல்லில் இருக்கும் ஒமேகா-3 வகை ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தின் கதை வேறு. அதை மாட்டின் உடல் தானாகச் செய்ய முடியாது. முதல் வயிற்று நுண்ணுயிர்களிடம் தப்பிய சிறு பங்குதான் சதையில் சேரும். மேய்ந்த மாட்டில் அது கூடுதல், தானியம் தின்ற மாட்டில் குறைவு. ஓலியிக்கில் இனத்தின் கை பெரிது, ஒமேகா-3இல் மேய்ச்சலின் கை பெரிது. நாட்டு மாட்டிறைச்சி சத்தானது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். நாட்டு இனத்தைக் கொட்டிலில் கட்டி இரண்டு ஆண்டு மக்காச்சோளம் போட்டால் இனத்தின் குணம் நிற்கும், புல்லின் குணம் போய்விடும்.

இனி அளவைப் பார்ப்போம். ஜப்பானிய அரசின் உணவுச் சத்து அட்டவணைப்படி, கொழுப்போடு கூடிய 100 கிராம் வாக்யூ சர்லாயின் கறியில், அதாவது முதுகுக் கறியில், 47.5 கிராம் கொழுப்பு. இறக்குமதி மாட்டின் அதே பகுதியில் 23.7 கிராம். புரதம் வாக்யூவில் 11.7 கிராம், இறக்குமதியில் 17.4 கிராம். கொழுப்பு ஏற ஏற நீரும் புரதமும் இடம் விட்டுக் கொடுத்துத்தானே ஆகவேண்டும்? அந்த 47.5 கிராமில் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பமிலம், அதாவது ஓலியிக்கும் அதன் சகாக்களும், சுமார் 25 கிராம். நிறைவுற்றது சுமார் 16 கிராம். ஒரு நாளின் மொத்த ஆற்றலில் நிறைவுற்ற கொழுப்பு பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி உண்பவருக்கு அது சுமார் 22 கிராம். விகிதம் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் உள்ளங்கை அளவு கறியே நாள் முழுவதற்கான அளவில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்கிறது.

வாக்யூ கொழுப்பு ஆலிவ் எண்ணெய் மாதிரி, இதயத்துக்கு நல்லது என்று விற்பவர்கள் விகிதத்தை மட்டும் காட்டுகிறார்கள், அளவை மறைக்கிறார்கள். இது நேர்மையல்ல. நிறைவுற்ற கொழுப்பை நீக்கி அந்த இடத்தில் ஓலியிக் அமிலம் வந்தால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் குறையும் என்பது நன்கு நிறுவப்பட்டது. முன்பிருந்த நிறைவுற்ற கொழுப்பு அப்படியே நிற்க, அதன் மேல் ஓலியிக்கையும் கூட்டிக்கொண்டால் அந்தப் பலன் எப்படிக் கிடைக்கும்? ஜப்பானியர்கள் மெல்லிய சீவல்களாகச் சீவி, சுக்கியாக்கி என்ற குழம்பிலிட்டோ, ஷாபு ஷாபு என்று சுடுநீரில் முக்கியெடுத்தோ சில துண்டுகள் மட்டும் உண்பார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 80 டிகிரியை ஒட்டிய சூட்டில், அந்தச் சுடுநீரில்தான் வாக்யூவுக்கே உரிய, தேங்காயையும் பழத்தையும் நினைவூட்டும் இனிய வாசம் மிக நன்றாக எழுகிறது. அந்தச் சமையலும் அந்தச் சிறு அளவும் அந்தக் கறியோடு பிறந்தவை. அரைக் கிலோ துண்டாக வாட்டித் தட்டில் வைப்பது வேறு ஊர்ப் பழக்கம்.

இந்த மாடுகள் கறிக்காக வளர்ந்தவையே அல்ல. 675இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சிக்குத் தடை போட்டார். அது ஆண்டின் சில மாதங்களுக்கான தடைதான். ஆனாலும் உழவு மாட்டை உண்பது தகாது என்ற எண்ணம் நூற்றாண்டுகளாக நிலைத்தது. விதிவிலக்காக ஹிக்கோனே சிற்றரசு மட்டும் மாட்டிறைச்சியை மிசோ என்ற சோயா விழுதில் ஊறவைத்து, மருந்து என்ற பெயரில் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனுக்கு அனுப்பிவந்தது. 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி பரவிய பிறகுதான் நகரங்களில் மாட்டுக்கறிக் கடைகள் பெருகின. கிராமத்தில் அப்போதும் மாடு வயலில்தான் நின்றது.

1900க்குப் பிறகு அரசு அவசரப்பட்டது. பிரவுன் சுவிஸ், சிம்மென்டல், ஏர்ஷயர், ஷார்ட்ஹார்ன் என்று ஐரோப்பியக் காளைகளை இறக்கி நாட்டுப் பசுக்களோடு கலந்தார்கள். பத்தே ஆண்டுகளில் அது கசந்தது. கலப்பு மாடு பெரிதாக வளர்ந்தது, தீனி அதிகம் தின்றது, சேற்று வயலில் வேலைக்கு மந்தமாக இருந்தது, கறியின் தரமும் தாழ்ந்தது. விலை சரிந்தது. கலப்பை நிறுத்தி, கலந்ததிலிருந்து நல்லதைப் பொறுக்கியெடுத்து நிலைப்படுத்தும் நீண்ட வேலை தொடங்கியது. 1944இல்தான் கருப்பு, பழுப்பு, கொம்பில்லாதது என மூன்றும் தனி இனங்களாக ஏற்கப்பட்டன. நான்காவதான ஷார்ட்ஹார்ன் வகை 1957இல் சேர்ந்தது. ஆகவே 'பாரம்பரிய இனம்' என்று நாம் எளிதாகச் சொல்வதற்குள் வெளிநாட்டு ரத்தமும் ஒரு நாட்டின் மனந்திருந்தலும் கலந்திருக்கின்றன. எனக்கு அதில் ஏமாற்றமில்லை. இருப்பதைப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியவர்களின் உழைப்பு அதனால் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

அந்தக் காப்பாற்றலில் ஒரு நிகழ்வு என்னை விடாமல் தொடர்கிறது. ஹ்யோகோ மாகாணத்தின் வடக்கே, தஜிமா மலைப்பகுதியில் மிகாதா என்ற வட்டாரம். அங்கே ஒஜிரோ பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் அட்சுதா என்ற சிற்றூர். கலப்பு மோகம் தஜிமா முழுவதும் பரவி அடங்கியபின், கலப்பில்லாத தஜிமா மாடுகளைத் தேடி அலைந்தார்கள். பாதை சரியில்லாத, பனி மூடும் அந்த ஊருக்கு ஐரோப்பியக் காளை போய்ச் சேரவே இல்லை. அங்கே நான்கு மாடுகள் கிடைத்தன. நான்கே நான்கு. அவற்றின் வழியில் 1939இல் பிறந்தது தஜிரி என்ற பொலிகாளை. 2012இல் வாக்யூப் பதிவுச் சங்கம் ஆராய்ந்தபோது, நாடு முழுவதும் உள்ள கருப்பு வாக்யூத் தாய்ப்பசுக்களில் 99.9 சதவீதம் தஜிரியின் வம்சம் என்று தெரியவந்தது. நல்ல பரம்பரையை அந்த மலையாட்கள் 'ட்சுரு' என்பார்கள், கொடி என்று பொருள். மிகாதா வட்டாரத்தில் மாடுகளின் பிறப்பையும் வழியையும் பதியும் ஏடு 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. அந்தப் பராமரிப்பு முறையை 2023இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உலக வேளாண் பாரம்பரியமாக ஏற்றது.

இத்தனை அருமையாகக் காத்த கொடியை அடுத்த தலைமுறை என்ன செய்தது? 1950களின் நடுவிலிருந்து பவர் டில்லர் வயலுக்கு வந்தது, மாட்டுக்கு வேலை போயிற்று. ரசாயன உரம் வந்தது, சாணத்தின் தேவையும் குறைந்தது. பிழைக்க வேண்டுமானால் மாடு கறியாக வேண்டும் என்றாகிவிட்டது. 1991இல் மாட்டிறைச்சி இறக்குமதிக்கு ஜப்பான் கதவைத் திறந்தது. அமெரிக்க, ஆஸ்திரேலியக் கறியோடு விலையில் போட்டியிட முடியாத விவசாயிகள், அவர்களிடம் இல்லாத ஒன்றில் எல்லாவற்றையும் முதலீடு செய்தார்கள். சதைக்குள் பனித்துளிபோல் படிந்த கொழுப்பு அது. 'ஷிமோஃபுரி', உறைபனி பொழிந்தது, என்று அதற்குப் பெயர். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு வழி அவர்களுக்குத் தரப்படவில்லை.

உறைவிந்தும் சினை ஊசியும் ஒரு காளையைப் பல்லாயிரம் பசுக்களுக்குத் தந்தையாக்கின. கொழுப்பு எண் உயர்ந்த சில காளைகள் மட்டும் எங்கும் பரவின. கிஃபு மாகாணத்தில் யசுஃபுக்கு என்ற காளை இறந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, உறையவைத்திருந்த அதன் விரையிலிருந்து செல்லெடுத்துக் குளோனிங் செய்து கன்றுகளைப் பிறப்பித்தார்கள். ஒரு காளையின் மேல் எவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றியிருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். 1990களில் கருப்பு வாக்யூவின் 'பயனுறு இன எண்ணிக்கை' சுமார் 17 என்று கணக்கிட்டார்கள். லட்சக்கணக்கில் மாடுகள் இருந்தும், மரபுவளத்தில் அது 17 மாடுகள் கூடிப் பெருகிய மந்தைக்குச் சமம் என்பதே அதன் பொருள். ஓர் இனம் தாக்குப்பிடிக்க 50 ஆவது வேண்டும் என்பது வழக்கமான எச்சரிக்கை. இதன் விலையைக் கன்றுகள் கொடுத்தன. சிறுநீரகம் பழுதாகி மெலிந்து மடியும் பரம்பரை நோயை, கிளாடின்-16 என்ற மரபணுவின் இழப்பு என்று கண்டுபிடித்து, பொலிகாளைகளைச் சோதித்த பிறகே அது கட்டுக்குள் வந்தது.

இன்னொன்றைச் சொல்லக் கை தயங்குகிறது, ஆனால் சொல்லாமல் விடக் கூடாது. வைட்டமின் ஏ கொழுப்புச் செல்கள் பெருகுவதைத் தடுக்கும். எனவே கொழுக்கவைக்கும் காலத்தின் நடுப்பகுதியில் மாட்டின் தீனியில் வைட்டமின் ஏ-யைத் திட்டமிட்டுக் குறைக்கும் முறை ஜப்பானில் பரவியது. பசும்புல்லை நிறுத்து, வெளுத்த வைக்கோல் கொடு, சேமிப்பு கரையட்டும் என்பதே வழி. கவனமாகச் செய்பவர் ரத்தப் பரிசோதனையோடு எல்லையில் நிறுத்துவார். எல்லை தாண்டினால் மாட்டுக்குப் பசி போகும், கால் வீங்கும், கண் பார்வை போகும். புல்லை அறியவேண்டிய ஒரு விலங்குக்குப் பச்சையை மறைத்துப் பெற்ற வெண்மையைத்தான் வெட்டு முகத்தில் உயர்ந்த தரம் என்று எழுதுகிறோம். தரம் என்ற சொல்லுக்கு நான் வைத்திருக்கும் பொருளோடு இது ஒத்துப்போகவில்லை.

புல் மேய்ந்த மாட்டின் கொழுப்பு லேசான மஞ்சளாக இருக்கும். புல்லின் பீட்டா கரோட்டின் கொழுப்பில் தங்குவதால் வரும் நிறம் அது. நாட்டுப் பசுவின் நெய் மஞ்சளாக இருந்தால் நாம் மகிழ்வோமே, அதே நிறம்தான். ஜப்பானிய மதிப்பீட்டில் கொழுப்பு வெண்மையாக இருந்தால் நல்லது, மஞ்சளானால் எண் குறையும். நான்கு அம்சங்களில் எது தாழ்ந்ததோ அதுவே இறுதித் தரம் என்பதால், மேய்ச்சலின் அடையாளமே மேய்ந்த மாட்டின் விலையைக் கீழே இழுக்கிறது.

இதனால் அடிபட்டவை மற்ற மூன்று இனங்கள். வடகிழக்கே இவாதே மாகாணத்தின் தன்காக்கு மாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் முன்னோர் நன்பு மாடுகள், பொதிமாடுகள். கடற்கரையில் காய்ச்சிய உப்பை முதுகில் சுமந்து மலைகளைக் கடந்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனவை. உப்பு விற்ற நம் உமணர்களை நினைவூட்டும் அந்த மாடோட்டிகளுக்குத் தனிப் பாட்டும் உண்டு. நன்பு மாட்டோடு ஷார்ட்ஹார்ன் கலந்து வந்த இந்தச் செந்நிற மாட்டுக்குப் பால் அதிகம், தாய்மை அதிகம். மே மாதம் தாயும் கன்றும் மலை மேய்ச்சலுக்கு ஏறும். பொலிகாளையையும் மந்தையோடு விடுவார்கள், சினை இயல்பாகப் பிடிக்கும். குளிர் வருமுன் ஊருக்கு இறங்கும். 'கோடையில் மலை, குளிரில் ஊர்' என்று அந்த முறைக்குப் பெயர். கறியில் கொழுப்புக் குறைவு, சிவப்புச் சதை மிகுதி. வாயில் கரையாது, மென்று சுவைக்க வேண்டும், மெல்ல மெல்ல ருசி ஊறும். மதிப்பீட்டு மேசையில் அதற்குப் பெரும்பாலும் 2தான்.

தெற்கே குமமோட்டோவின் பழுப்பு மாடு, உள்ளூர்ப் பேச்சில் 'அக்காவுஷி', செம்மாடு. அசோ எரிமலையைச் சுற்றி சுமார் 22,000 ஹெக்டேர் புல்வெளி. ஒவ்வொரு வசந்தத்திலும் ஊரார் கூடிப் பழைய புல்லைக் கொளுத்துவார்கள், சாம்பலிலிருந்து புதுப்புல் எழும், செம்மாடுகள் மேயும். மேயாவிட்டால், கொளுத்தாவிட்டால் அந்த வெளி சில ஆண்டுகளில் புதர்க்காடாகிவிடும். 2013இல் அசோவும் உலக வேளாண் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஆனால் 1991இன் இறக்குமதித் திறப்பு இந்தச் செம்மாட்டைத்தான் முதலில் தாக்கியது. கொழுப்பு நடுத்தரம், ஆகவே விலை இறக்குமதிக் கறியின் பக்கத்தில் போய் நின்றது. விவசாயிகள் கருப்பு இனத்துக்கு மாறினார்கள். மாடு குறைந்த இடத்தில் புல்வெளியும் குறைந்தது. மேற்கே யமகுச்சியின் கொம்பில்லா மாடு சுமார் 200 தான் மிச்சம்.

அதே யமகுச்சியில், ஹாகி நகருக்கு எதிரே கடலுக்குள் மிஷிமா என்ற தீவு. அங்குள்ள சிறிய கருப்பு மாட்டுக்கு ஐரோப்பியக் கலப்பே கிடையாது. 1928இலேயே இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்துவிட்டார்கள். தீவின் படிக்கட்டு வயல்களை உழுத மாடு. டில்லர் வந்தபின் எண்ணிக்கை சில பத்துகளுக்குச் சரிந்தது, பாதுகாப்புச் சங்கம் அமைத்து மீட்டார்கள், இன்றும் நூறை ஒட்டியே நிற்கிறது. ஒருவரும் கொழுப்புக்காகப் பொறுக்கி வளர்க்காத அந்த மாட்டின் சதைக்குள்ளும் நுண்ணிய கொழுப்பு பரவியிருக்கிறது. கருப்பு வாக்யூவின் குணம் இந்த மண்ணின் பழைய மாட்டிலேயே இருந்தது என்பதற்கு அது வாழும் சாட்சி.

நிலைமை அசையத் தொடங்கியிருக்கிறது. தொத்தோரி மாகாணத்தில் கெதக்கா என்ற காளையின் வழிவந்த மாடுகளில், ஓலியிக் அமிலம் 55 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவற்றை 'ஒலெயின் 55' என்ற தனிப் பெயரில் விற்கிறார்கள். நகானோ மாகாணம் 2009 முதலே கொழுப்புப் பரவலோடு ஓலியிக் அளவையும் சேர்த்துத் தரம் பார்க்கிறது. அகச்சிவப்பு ஒளியைக் கறியின் மேல் பாய்ச்சினால் சில நொடிகளில் அளவு தெரிந்துவிடும், கறியைச் சிதைக்க வேண்டியதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அகில ஜப்பான் வாக்யூப் போட்டி 2022இல் ககோஷிமாவில் நடந்தபோது, கொழுப்பின் தன்மைக்கென்றே ஒரு பிரிவு புதிதாகச் சேர்ந்தது.

வரவேற்கிறேன். ஆனால் ஓலியிக் என்ற ஒற்றை எண்ணை, பழைய ஒற்றை எண்ணின் இடத்தில் உட்கார வைத்தால் பழைய கதையே திரும்பும். ஓலியிக் அமிலம் பசுக்களில் காளைகளைவிடக் கூடுதல், வயதோடும் கூடும். ஓலியிக் மட்டும் குறி என்றால், மாட்டை இன்னும் சில மாதம் கூடுதலாகக் கட்டித் தீனி போடுவதே எளிய வழி. அந்தத் தீனியில் பெரும்பகுதி கப்பலில் வருவது, ஜப்பான் தன் அடர்தீவனத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கைத்தான் தானே விளைவிக்கிறது. ஓலியிக் உயர்ந்த சில காளைகளின் உறைவிந்து மறுபடி நாடெங்கும் பரவும். புல் தரும் ஒமேகா-3யை அந்த ஒளிக்கருவி கேட்கப் போவதில்லை, மஞ்சள் கொழுப்பு தண்டனையாகவே நீடிக்கும்.

எனக்கு நம்பிக்கை தருவது கோச்சி மாகாணம் செய்தது. அங்கேயும் ஒரு செம்மாடு உண்டு, தோசா அக்காவுஷி. அதைத் தேசிய அளவுகோலில் நிறுத்தித் தோற்க விடுவதற்குப் பதிலாக, அதற்கென்று தனி மதிப்பீட்டை வகுத்தார்கள். சிவப்புச் சதையின் சிறப்புக்கு ஒரு வரிசை, கொழுப்புப் பரவலுக்கு இன்னொரு வரிசை. கொழுப்புக் குறைந்த உடலும் தன் வரிசையில் முதலிடம் பெறலாம். இவாதேயில் இன்னொரு வழி கண்டார்கள். 1975இல் தொடங்கிய 'நிலத்தைக் காக்கும் சங்கம்' என்ற நுகர்வோர் அமைப்பு, 1980களின் தொடக்கத்திலிருந்தே யமகட்டா கிராமத்தின் தன்காக்கு மாடுகளை மதிப்பீட்டு எண்ணைப் பாராமல் நேரடியாக வாங்கியது. உண்பவர்கள் மலைக்கு வந்து மாடுகளைப் பார்த்தார்கள். உள்நாட்டுத் தீவனத்தில் வளர்க்கச் சொல்லி, அதற்கான விலையைத் தாங்களே ஏற்றார்கள். அந்தக் கிராமம் இன்று குஜி நகரோடு இணைந்துவிட்டது, மாடுகள் இன்னும் மலை ஏறுகின்றன.

அரசு அளவில் செய்யவேண்டியவை சில உண்டு. மேய்ச்சலால் மஞ்சளான கொழுப்புக்கு எண்ணைக் குறைப்பதை நிறுத்த வேண்டும். வெட்டு முகத்தின் கொழுப்பு எண்ணோடு மொத்தக் கொழுப்பு எவ்வளவு, அதில் நிறைவுற்றது எவ்வளவு என்பதையும் வாங்குபவர் பார்க்கும்படி அச்சிட வேண்டும், ஓலியிக் சதவீதத்தை மட்டும் பளிச்சென்று போடுவது பாதி உண்மை. மீதமுள்ள மூன்று இனங்களுக்கும் கோச்சி மாதிரித் தனி அளவுகோல் வேண்டும். மாட்டின் பார்வையைப் பணயம் வைக்கும் தீனி முறைக்கு எல்லை எழுத்தில் வர வேண்டும். இதற்கெல்லாம் புது விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை.

கருப்பு வாக்யூவில் காயடித்த காளைகளில் பாதிக்கு மேல் இப்போது ஏ5 பெற்றுவிடுகின்றன. அபூர்வத்தைக் குறிக்க வைத்த எண் சாதாரணமாகிவிட்டது. டோக்கியோவில் வயதானவர்கள் சில துண்டுக்கு மேல் திகட்டுகிறது என்று சிவப்புக் கறியைக் கேட்கத் தொடங்கி ஆண்டுகள் சில ஆகின்றன. அந்தச் சிவப்புக் கறியைத் தரும் செம்மாடுகளும் தன்காக்கு மாடுகளும் சில பத்தாயிரங்களும் சில ஆயிரங்களுமாக இன்னும் இருக்கின்றன. இந்த மே மாதமும் இவாதேயின் மலைக்கு மந்தை ஏறும், பொலிகாளை கூடவே போகும். இலை உதிர்ந்து மந்தை இறங்கும்போது பசுக்கள் சினையாக இருக்கும். அடுத்த வசந்தத்தில் பிறக்கும் கன்றை வளர்ப்பதா விற்பதா என்று அந்த வீட்டுக்காரர் கணக்குப் போடும்போது, அவர் கையில் இருக்கும் சீட்டில் இன்னும் 2 என்றுதான் எழுதியிருக்கிறது.